ஆழாக்குப் பருப்பு

போன வருடம் மே மாதம், பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் இருந்த மகன் ஜிம்முக்குப் போக ஆரம்பித்தான். மூன்றாவது வாரம் போனை என் மூக்குக்கு நேராக நீட்டினான். பெரிய கறுப்பு டப்பா, ஒரு கிலோ, வே புரோட்டீன், விலை 3,200 ரூபாய். "மாஸ்டர் சொன்னாரும்மா. என் எடைக்கு ரெண்டு மடங்கு கிராம் புரோட்டீன் எடுக்கணுமாம். நம்ம வீட்டுச் சாப்பாட்டுல அது வராதாம்." விலை எனக்குச் சுட்டது. ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு உறையூர் மளிகைக் கடையில் மாதம் ஆறாயிரத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வதே என் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறவள் நான். ஆனால் விலையைவிட அதிகமாகச் சுட்டது அந்தக் கடைசி வரி. நம்ம வீட்டுச் சாப்பாட்டில் வராதாம்!

சும்மா விடுவேனா. கொள்ளு தின்னும் குதிரையிலிருந்து ஆரம்பித்தேன். சுண்டல், அடை, உளுந்தங்களி, பருப்புருண்டைக் குழம்பு, சத்துமாவு, வேர்க்கடலை. 'இளைச்சவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்று பழமொழி வரைக்கும் போய்விட்டு மூச்சு வாங்க நின்றேன். அவன் கோபப்படவில்லை. நிதானமாக ஒரே ஒரு கேள்வி கேட்டான்: "சரிம்மா, இதெல்லாம் நாம எப்ப சாப்பிடறோம்?"

சுண்டல் நவராத்திரிக்கு ஒன்பது நாள், பிள்ளையார் சதுர்த்திக்கு ஒரு நாள். கொள்ளு ரசம் யாருக்காவது சளி பிடித்தால். அடை, மாவு தீர்ந்துபோன இரவுகளில். பருப்புருண்டைக் குழம்பு கடைசியாக எப்போது வைத்தேன் என்றே நினைவில்லை. உளுந்தங்களி மகள் பெரியவளானபோது, அதாவது மூன்று வருடத்துக்கு முன்னால். பதில் சொல்லாமல் அடுப்படிக்குப் போய்விட்டேன். கேள்வி மட்டும் போகவில்லை. இரண்டு நாள் கடையில் பில் போடும்போதெல்லாம் கூடவே உட்கார்ந்திருந்தது.

தராசு

நான் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறவள். எதையும் வரவு ஒரு பக்கம், செலவு ஒரு பக்கம் எழுதிப் பார்த்தால்தான் மனசு ஆறும். ஊரடங்குக் காலத்தில் மகள் கேக் செய்கிறேன் என்று வாங்கி, இரண்டு கேக்கோடு மறந்துபோன சின்ன எலெக்ட்ரானிக் தராசு பரணில் கிடந்தது. இறக்கித் துடைத்து, புது செல் போட்டேன். மறுநாள் காலை குக்கரில் போடுவதற்கு முன் பருப்பை எடை பார்த்தேன்.

எங்கள் வீட்டில் பருப்புக்கு அளவு ஆழாக்கு. மாமியாரின் மாமியார் காலத்துப் பித்தளை ஆழாக்கு, விளிம்பில் ஒரு நசுங்கல் உண்டு. தலைதட்டி ஒரு ஆழாக்குத் துவரம் பருப்பு, அதுதான் ஒரு நாள் சாம்பார். நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அதே அளவு. தராசு 140 கிராம் காட்டியது. ஐந்து பேர். மதியச் சோற்றுக்கும் ராத்திரி இட்லிக்கும் அதே சாம்பார்தான். ஆளுக்கு 28 கிராம் பருப்பு. துவரம் பருப்பில் நூறு கிராமுக்கு ஏறக்குறைய 22 கிராம் புரதம். அப்படியென்றால் இரண்டு வேளை சாம்பார் ஊற்றிச் சாப்பிட்ட ஒரு ஆளுக்குக் கிடைப்பது ஆறு கிராம். ஒரு முட்டையில் இருக்கிற அளவு. 'தினம் பருப்பு சாப்பிடுகிற வீடு' என்று நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தது இந்த ஆறு கிராமை வைத்துத்தான்.

நம்பிக்கை வராமல் அன்று முழுக்க எல்லாவற்றையும் எடை போட்டேன். சாப்பாட்டு அரிசியும் இட்லி அரிசியும் சேர்த்து 1,250 கிராம். இட்லிக்குப் போன உளுந்து 70. பால் ஒரு லிட்டர், அதில் காப்பி, தயிர், மோர் எல்லாம் அடக்கம். அவரைக்காய், கீரை. கூட்டிக் கழித்து ஐந்தால் வகுத்தால் ஆளுக்குச் சராசரி 37 கிராம் புரதம். இதில் என்னை உட்கார வைத்துவிட்ட விஷயம் வேறு: அந்த 37-இல் பாதி சோற்றிலிருந்து வருகிறது. அரிசியில் நூறு கிராமுக்கு ஏழு எட்டு கிராம்தான் புரதம். ஆனால் நாம் அதை அள்ளிச் சாப்பிடுவதால் பருப்பைத் தாண்டிப் போய்விடுகிறது. தானியம் மூன்று பங்கு என்றால் பருப்பு ஒரு பங்கு இருக்க வேண்டும் என்பது ஊட்டச்சத்துக்காரர்கள் சொல்லும் பொதுவான அளவு. அரிசியில் லைசின் என்ற சத்து குறைவு, அது பருப்பில் நிறைய இருக்கிறது. பருப்பில் குறைவது அரிசியில் இருக்கிறது. இரண்டும் தகுந்த அளவில் சேர்ந்தால் ஒன்றின் குறையை ஒன்று மூடும். அடையும் பொங்கலும் அப்படித்தான். எங்கள் வீட்டில் அந்த விகிதம் ஆறுக்கு ஒன்று.

தேவை எவ்வளவு என்பதற்கு மாஸ்டரையும் நம்பவில்லை, வாட்ஸ்அப்பையும் நம்பவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-இல் வெளியிட்ட அட்டவணைப்படி உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.83 கிராம். 65 கிலோ ஆணுக்கு 54, 55 கிலோ பெண்ணுக்கு 46. எடை தூக்கிப் பயிற்சி செய்கிறவர்களுக்கு 1.2-லிருந்து 2 வரை போகலாம் என்பது விளையாட்டு ஊட்டச்சத்துத் துறையில் சொல்வது. மாஸ்டர் அதன் உச்சியைப் பிடித்துக்கொண்டிருக்கிறார், அவ்வளவுதான். 58 கிலோ இருக்கிற என் மகனுக்கு 80 கிராம் போதும் என்று நானாக முடிவு செய்துகொண்டேன். அவன் அன்று சாப்பிட்டது 46. பையன் சொன்னது சரி. நம்ம வீட்டுச் சாப்பாட்டில் வரவில்லை.

இந்த அட்டவணையைத் தேடப் போன இடத்தில் இன்னொன்று கண்ணில் பட்டது. அந்த ஹைதராபாத் நிறுவனம் முதலில் நம் குன்னூரில்தான் இருந்திருக்கிறது. 1918-இல் ராபர்ட் மெக்காரிசன் என்ற வெள்ளைக்கார மருத்துவர் சிறிய அளவில் ஆரம்பித்தது, 1958-இல்தான் ஹைதராபாத்துக்குப் போனது. அவர் குன்னூரில் எலிகளை வைத்து ஒரு சோதனை செய்தார். இந்தியாவின் பல பகுதி மக்கள் சாப்பிடுகிற சாப்பாட்டை அப்படியே எலிக் கூட்டங்களுக்குப் போட்டு வளர்த்துப் பார்த்தார். கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய்கறி என்று சீக்கியர் சாப்பாடு சாப்பிட்ட எலிகள் எடையில் முதலிடம். பெரும்பாலும் சோறாகவே சாப்பிட்ட 'மதராஸி' எலிகள் கடைசி. படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ரோஷமாக இருந்தது. எலிக்கு என்ன தெரியும், கூட ஒரு கரண்டி சாம்பார் ஊற்றியிருந்தால் என்று நினைத்தேன். அப்புறம் எங்கள் வீட்டு ஆறு கிராம் நினைவுக்கு வந்தது.

கரண்டி எங்கே போகிறது

சராசரி என்பது கணக்குப்பிள்ளைகளை ஏமாற்றுகிற சமாசாரம் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். மூன்றாம் நாள்தான் தட்டு தட்டாக எடை போட்டேன்.

எங்கள் வீட்டில் முதலில் பிள்ளைகளும் அவரும் சாப்பிடுவார்கள். நானும் அத்தையும், அதாவது என் மாமியாரும், கடைசியில். அத்தைக்கு 74 வயது. மேல் கடைவாயில் பல் கிடையாது. மாமா போனதிலிருந்து கவுச்சி தொடுவதில்லை, முட்டையும் சேர்த்துத்தான். நான் மற்றவர்களுக்கு ஊற்றும்போது கரண்டியை அடி வரைக்கும் விட்டு, காயும் பருப்புமாக வாரி ஊற்றுகிறேன். இதை நான் கவனித்ததே இல்லை, கை தானாகச் செய்கிறது. நாங்கள் இருவரும் உட்காருகிற நேரத்துக்குச் சட்டியில் தெளிவுதான் இருக்கும். போதாது போலிருந்தால் ஒரு டம்ளர் வெந்நீர் ஊற்றி, ஒரு சிட்டிகை உப்பு போட்டு ஒரு கொதி விடுவேன். இதைச் செய்யாத வீடு திருச்சியில் இருக்கிறதா என்ன.

அன்று அத்தையின் தட்டில் இருந்தது இது: ஒரு கரண்டி சோற்றுக்கு ரசம், அதைவிடச் சின்னக் கரண்டி சோற்றுக்கு மோர், சுட்ட அப்பளம், நார்த்தங்காய். காலையில் இரண்டு இட்லி, ராத்திரி ஒன்றரை இட்லி. நாள் முழுக்கக் கூட்டினாலும் 22 கிராமைத் தாண்டவில்லை. அவர் எடை 48 கிலோ. 40 கிராம் வேண்டும், வயதானவர்களுக்கு அதற்கும் சற்றுக் கூடுதலாகவே வேண்டும் என்கிறார்கள், தசை கரைகிற வயது அது. ஆறேழு மாதமாகவே தரையிலிருந்து எழுந்திருக்கச் சுவரைப் பிடித்துக்கொண்டிருந்தார். முழங்கால் வலி என்று தைலம் தேய்த்துக்கொண்டிருந்தோம். ஜிம் போகிற பையனுக்குக் கொஞ்சம் குறைந்தாலும் ஒன்றும் ஆகிவிடாது. அந்த வீட்டில் உண்மையாகவே குறைந்துபோயிருந்த தட்டு எது என்று யாரும் கேட்கவில்லை, நான் உட்பட.

"அத்தை, உங்களுக்குப் பருப்பு பிடிக்காதுதானே? வாயு பிடிக்கும்னு சொல்வீங்களே" என்று கேட்டேன். இருபது வருடமாக எனக்குத் தெரிந்த விவரம் அது. கல்யாணமான புதிதில் அவரே சொன்னது.

அவர் தராசைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சிரித்தார். "பிடிக்காம என்ன. அந்த வீட்ல பதினோரு பேருக்கு ரெண்டு ஆழாக்குப் பருப்பு. எல்லாருக்கும் போட்டப்புறம் நமக்கு எங்கேருந்து வரும்? சாப்பிடலையான்னு யாராவது கேட்டா என்னத்தச் சொல்றது. வாயுன்னு சொல்லிட்டா அதோட விட்ருவாங்க. சொல்லிச் சொல்லி எனக்கே நெசமாப் போயிருச்சு."

அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை. எழுந்து தட்டைக் கழுவப் போனார். சுவரைப் பிடித்துக்கொண்டுதான். நான் என் தட்டைப் பார்த்தேன். ரசம் சோறு. எனக்கு ரசம்தான் பிடிக்கும் என்று பிள்ளைகளிடம் எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்! என் எடைக்கு 50 வேண்டும். அன்று என் கணக்கு 35.

ஒரு கிராம் என்ன விலை

டப்பா வாங்கவில்லை. அது விஷம் என்பதால் அல்ல. பாலாடைக்கட்டி செய்யும்போது பிரிகிற நீரிலிருந்து எடுக்கிற பால் புரதம்தான் அது. ஆரோக்கியமான ஆளுக்கு அது கட்டாயம் வேண்டும் என்பதும் இல்லை. 2024-இல் வந்த தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் வழிகாட்டியும் புரதப் பொடிகளைத் தவிர்க்கத்தான் சொல்கிறது. நான் வாங்காததற்குக் காரணம் கணக்கு. கிலோ டப்பாவில் ஏறக்குறைய முப்பது தடவை கலக்கலாம், தடவைக்கு 24 கிராம் புரதம், 107 ரூபாய். கிராமுக்கு நாலு ரூபாய் நாற்பது பைசா. இந்த எண்ணை நோட்டின் மேலே எழுதிக்கொண்டு, நான் வாங்குகிற விலையில் மற்றதையெல்லாம் கீழே எழுதினேன்.

பாதாமும் கிட்டத்தட்ட அதே விலைதான் வந்தது! ஊறவைத்து நாலு நாலாகப் பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன், நாலு பாதாமில் ஒரு கிராம் புரதம். பன்னீர் இரண்டு ரூபாயைத் தாண்டியது. பிராய்லர் கோழி, எலும்பு போக, ஒன்று எழுபது. மத்தி மீன் கிலோ 160-க்குக் கிடைத்த வாரத்தில் ஒன்று முப்பது. நீலப் பாக்கெட் பால் ஒன்றேகால். முட்டை ஒரு ரூபாய்க்குச் சற்று மேல். துவரம் பருப்பு, வேர்க்கடலை, பச்சைப்பயறு, கறுப்புக் கொண்டைக்கடலை, பொட்டுக்கடலை எல்லாம் ஐம்பதிலிருந்து அறுபது பைசா. கொள்ளு 36 பைசா. மீல் மேக்கர் 27 பைசா. எல்லாவற்றுக்கும் கீழே ரேஷன் துவரம் பருப்பு, கிலோ 30 ரூபாய், கிராமுக்கு 14 பைசா. கார்டுக்கு மாதம் ஒரு கிலோதான். பருப்பு வந்திருக்கிறதா என்று போகிற வழியில் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிற பழக்கம் எனக்கு அப்போதுதான் வந்தது.

முட்டையைப் பற்றி ஒரு வார்த்தை. நாமக்கல் எங்களுக்கு இரண்டு மணி நேர தூரம். பேப்பரில் தினமும் பண்ணை விலை வருகிறது. 1982-இல் எம்.ஜி.ஆர். விரிவுபடுத்திய சத்துணவில் 1989-இல் கலைஞர் ஆட்சியில் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை என்று நுழைந்து, 2010-இலிருந்து வாரம் ஐந்து முட்டை ஆகிவிட்டது. அரசாங்கமே வாரத்துக்கு ஐந்து என்று கணக்குப் போட்டிருக்கும்போது, எங்கள் வீட்டில் முட்டை என்றால் ஞாயிற்றுக்கிழமை குழம்பு. அதுவும் கறி வாங்காத ஞாயிறு.

நான் வைத்த திட்டம் சாதாரணமானது. ஆழாக்கு ஒன்றரை ஆழாக்கானது, வெந்நீர் ஊற்றுகிற வேலை நின்றது. சாயங்காலம் மிக்சர், பிஸ்கட் போய் சுண்டல் வந்தது, நாளுக்கு ஒரு பயறு. மகனுக்கு இரண்டு முட்டை, மகளுக்கும் அவருக்கும் எனக்கும் ஒவ்வொன்று. பையனுக்கு ஜிம் முடிந்து வந்ததும் ஒரு பிடி வறுத்த வேர்க்கடலை, வெல்லத் துண்டோடு. அவனுடைய கூடுதல் மட்டும் எழுதிப் பார்த்தேன்: முட்டை 13 ரூபாய், 50 கிராம் கொண்டைக்கடலை 5, வேர்க்கடலை 4, கூடுதல் பருப்பு இரண்டரை. மொத்தம் 25 ரூபாய்க்குள் 33 கிராம் புரதம், சோற்றோடு சேர்த்து நாள் கணக்கு 80-ஐத் தொட்டுவிட்டது. டப்பாவில் இதே காசுக்கு ஒரு கரண்டியில் கால்வாசிகூட வராது.

வீட்டு மொத்தக் கணக்கில் முட்டை, பயறு, தயிருக்கு அரை லிட்டர் கூடுதல் பால் எல்லாம் சேர்ந்து மாதம் 2,400 ரூபாய் ஏறியது. இரண்டு பிள்ளைகளும் குடித்துக்கொண்டிருந்த ஊட்டபானப் பொடியை நிறுத்தினேன். ஒரு டம்ளருக்குப் போடுகிற பொடியில் மூன்று கிராமுக்கு மேல் புரதமில்லை, சர்க்கரைதான் இருக்கிறது. அதுவும், சாயங்காலப் பாக்கெட்டுகளும், குறைந்துபோன ஐந்து கிலோ அரிசியும் சேர்ந்து 1,400 இறங்கியது. நிகரமாக ஆயிரம் ரூபாய். ஐந்து பேருக்கும் சேர்த்து.

சொதப்பல்கள்

எழுதும்போது எல்லாம் ஒழுங்காக நடந்த மாதிரி இருக்கிறது. முதல் வாரம் ஆர்வக் கோளாறில் கொள்ளுச் சுண்டல், கொள்ளுத் துவையல், கொள்ளு ரசம் என்று மூன்று நாள் தொடர்ந்து வைத்தேன். நான்காம் நாள் வீட்டில் யாரும் யார் பக்கத்திலும் உட்காரவில்லை. பையன் ஜிம்முக்கு லீவு போட்டான். அப்புறம்தான் முறை பிடிபட்டது: எட்டு மணி நேரம் ஊற வேண்டும், ஊறின தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும், இஞ்சியும் பெருங்காயமும் தாராளமாக வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏற்ற வேண்டும். வயிற்றுக்கும் பழக நாளாகும். ஊறுவதும் நன்றாக வேகுவதும் வாயுவுக்காக மட்டும் இல்லை. வேகாத பயறு வகைகளில் புரதச் செரிமானத்தைத் தடுக்கிற பொருள்கள் உண்டு, வெந்தால்தான் அடங்கும். பச்சை முட்டையை உடைத்து வாயில் ஊற்றுகிற ஜிம் வீரர்களுக்கும் இதே சேதிதான். வேகவைத்த முட்டையில்தான் அதிகம் உடம்பில் சேர்கிறது.

முளைகட்டிய பயறு இன்னொரு கதை. திருச்சி மே மாத வெயிலில், ஈரத்துணியில் கட்டித் தொங்கவிட்டால் காலையில் முளையும் வரும், நாற்றமும் வரும். இரண்டு தடவை குப்பைக்குப் போனது. இப்போது ராத்திரி கட்டி, காலையில் முனை எட்டிப் பார்த்ததும் ஃபிரிட்ஜில் வைத்துவிடுகிறேன். மீல் மேக்கரைக் குழம்பில் அப்படியே போட்டால் நனைந்த ஸ்பாஞ்சு. உப்புத் தண்ணீரில் கொதிக்கவிட்டு, பிழிந்து, குளிர்ந்த தண்ணீரில் அலசி, மறுபடி பிழிந்து, உதிர்த்து, மிளகு சீரகத்தோடு கொத்துக்கறி மாதிரி சுருள வதக்கினால் மகள்கூடச் சாப்பிடுகிறாள். "சோயா சாப்பிட்டா ஆம்பளைங்களுக்கு ஆகாதாம்" என்று ஜிம்மிலிருந்து ஒரு புரளி வந்தது. சாதாரணமாகச் சாப்பிடுகிற அளவில் ஆண்களின் ஹார்மோனை அது குறைப்பதாக ஆய்வுகளில் தெரியவில்லை. இருந்தாலும் வாரம் மூன்று நாளுக்கு மேல் வைப்பதில்லை. அதற்குக் காரணம் ஹார்மோன் இல்லை, அலுப்பு.

என் கணவரின் அண்ணனுக்குச் சிறுநீரகக் கோளாறு உண்டு. எங்கள் நோட்டைப் பார்த்துவிட்டு அவரும் ஆரம்பிக்கிறேன் என்றார். வேண்டவே வேண்டாம், உங்கள் டாக்டர் எழுதிக் கொடுத்த அளவுதான் உங்களுக்கு என்று சொல்லி அனுப்பினேன். அவருக்கு ஏற்றுவதுதான் ஆபத்து.

இன்னொரு செலவை நோட்டில் எங்கே எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. டப்பாப் பொடியைக் கலக்க அரை நிமிடம். கொண்டைக்கடலையை முந்தின ராத்திரி நினைவாக ஊறப் போட வேண்டும், காலையில் தண்ணீர் மாற்ற வேண்டும், ஆறு விசில் விட வேண்டும், தாளிக்க வேண்டும், குக்கர் கழுவ வேண்டும். கடையிலிருந்து ஏழு மணிக்கு வந்து இதைச் செய்கிறவள் நான். 'நம் பாரம்பரிய உணவு எவ்வளவு மலிவு' என்று மேடையில் பேசுகிறவர்கள் யாரும் முந்தின ராத்திரி கடலை ஊறப் போடுகிறவர்கள் இல்லை. இரண்டாவது மாதம் ஒரு நாள் மறந்துபோய், பையன் "என்னம்மா இன்னிக்கு சுண்டல் இல்லையா" என்று கேட்டபோது, நான் கொஞ்சம் சத்தம் போட்டுவிட்டேன். உடம்பு உன்னுடையது, தசை உன்னுடையது, கடலை மட்டும் என்னுடையதா?

அன்று ராத்திரியிலிருந்து ஊறப் போடுகிற வேலை அவனுடையது. போனில் அலாரம் வைத்திருக்கிறான், ஒன்பதரை மணிக்கு. முதல் நாள் அரை கிலோவையும் கொட்டி ஊறப் போட்டுவிட்டான், இரண்டு நாள் எங்கள் தெருவுக்கே சுண்டல். இப்போது தராசு அவன் கையில். பயறு டப்பாக்களின் மேல் எண் எழுதி ஒட்டி வைத்திருக்கிறான். டப்பாப் பொடி பற்றிப் பேச்சில்லை. கல்லூரி விடுதி நண்பர்களோடு ஒரு தடவை அதைக் கலக்கிக் குடித்துப் பார்த்ததாகவும், சத்துமாவு மாதிரி இருந்ததாகவும் சொன்னான்.

அத்தைக்குத்தான் அதிகம் மெனக்கெட வேண்டியிருந்தது. முட்டை கிடையாது, சுண்டலைக் கடிக்கப் பல் கிடையாது. காலையில் இட்லிக்குப் பதிலாக வாரம் நாலு நாள் உளுந்தங்கஞ்சி, கருப்பட்டி போட்டு. மதியம் பாசிப்பருப்பைக் குழைய வேகவைத்துத் தனியாக ஒரு கிண்ணம். சாயங்காலம் பொட்டுக்கடலை மாவைப் பாலில் கரைத்து, ஏலக்காய் தட்டி. ரசம் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளக் கொள்ளுத் துவையல், அம்மியில் அரைத்த மாதிரி நைசாக. "இவ்வளவும் எனக்கா" என்று முதல் பத்து நாள் கிண்ணத்தைப் பையன் பக்கம் தள்ளிக்கொண்டே இருந்தார். அவன் திருப்பித் தள்ளினான். "பாட்டி, உங்க கணக்கு 40. நீங்க இன்னும் 28-லதான் நிக்கறீங்க" என்று தினமும் அவரைப் படுத்தினான். இப்போது 38 வரை வருகிறது. எழுந்திருக்கும்போது சுவரை இன்னும் பிடிக்கத்தான் செய்கிறார். தைலமும் தேய்த்துக்கொள்கிறார். கஞ்சி குடித்து நாற்காலியைத் தூக்கினார் என்றெல்லாம் எழுத எனக்கு ஆசைதான், அப்படி ஒன்றும் நடக்கவில்லை.

போன வாரம் முருங்கைக்காய் சாம்பார். இப்போதெல்லாம் ஐந்து பேரும் ஒன்றாகவே உட்காருகிறோம், ராத்திரி மட்டுமாவது. நான் பழக்கதோஷத்தில் மேலாக மொண்டு அத்தையின் தட்டுக்குக் கொண்டுபோனேன். அவர் கையை நீட்டித் தடுத்தார். "அடியில விட்டு ஒரு கலக்கு கலக்கிட்டு ஊத்தும்மா" என்றார்.